டிரெய்லர் அச்சில் சீல் அமரும் இடம் தேய்ந்தால் சீர்செய்வது எப்படி?

டிராக்டர் வைத்திருக்கும் உழவர்களுக்கு உழவுக் கருவிகளைப் போலவே டிரெய்லரும் இன்றியமையாதது. எரு அடிப்பது, நெல் மூட்டைகளை ஏற்றுவது, கரும்பை ஆலைக்குக் கொண்டு செல்வது என்று ஆண்டு முழுவதும் அதற்கு வேலை உண்டு. ஆயினும் டிராக்டருக்கு அளிக்கும் கவனத்தில் பாதி கூட டிரெய்லருக்கு அளிக்கப்படுவதில்லை. எஞ்சின் ஆயிலை மணிக்கணக்குப் பார்த்து மாற்றுபவர்கள் கூட, டிரெய்லர் சக்கரத்தைப் பஞ்சர் ஆனால்தான் கழற்றுகிறார்கள்.

டிரெய்லர் சக்கரத்தின் உள்பக்கத்தில் கிரீஸ் வழிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். உடனே புதிய ஆயில் சீல் வாங்கிப் போடுகிறோம். சில வாரங்களில் மீண்டும் கசிகிறது. கடைக்காரர் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று எண்ணி வேறு கடையில் வாங்கிப் போடுகிறோம். அதுவும் கசிகிறது. இவ்வாறு அடுத்தடுத்துக் கசிந்தால் குறை பெரும்பாலும் சீலில் இருப்பதில்லை. சீலின் உதடு உரசும் அச்சின் பரப்பு தேய்ந்து பள்ளம் விழுந்திருப்பதே காரணம். அந்தப் பரப்பைச் சீர்செய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை. இத்தேய்மானத்தைக் கண்டறிந்து, அச்சு முழுவதையும் மாற்றாமல், குறைந்த செலவில் சீர்செய்யும் முறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

சக்கரத்தின் உள்ளமைப்பு

மாட்டு வண்டியைப் போலவே டிரெய்லரிலும் அச்சு சுழல்வதில்லை. சக்கரம் மட்டுமே சுழல்கிறது. வண்டிச் சக்கரத்தில் குடம் எப்படியோ அப்படியே டிரெய்லர் சக்கரத்தில் ஹப். கடையாணி செய்யும் வேலையை இங்கே அச்சு முனையில் உள்ள நட்டும் காட்டர் பின்னும் செய்கின்றன. வண்டியில் அச்சும் குடமும் நேராக உரசுகின்றன. அதனால் அடிக்கடி மை போடுகிறோம். டிரெய்லரிலோ ஹப்புக்கும் அச்சுக்கும் இடையே இரண்டு கூம்பு ரோலர் பேரிங்குகள் உள்ளன. உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது.

ஹப்பின் வெளிப்பக்கத்தை ஒரு தொப்பி மூடியிருக்கிறது. உள்பக்கத்தை அப்படி மூட முடியாது. அச்சு அவ்வழியாகத்தான் நுழைகிறது. ஆகவே அங்கே ஆயில் சீல் பொருத்தப்படுகிறது. சீலின் வெளிவட்டம் ஹப்பில் இறுக்கமாக அமர்ந்து ஹப்போடு சேர்ந்து சுழலும். உள்வட்டத்தில் உள்ள ரப்பர் உதட்டை ஒரு மெல்லிய சுருள்வில் அச்சின் மேல் அழுத்திப் பிடித்திருக்கும். இந்த உதடு கிரீஸை உள்ளே நிறுத்துகிறது. சேறு, நீர், புழுதி ஆகியவற்றை வெளியே தடுக்கிறது. உதடு உரசும் அந்த இடத்தையே சீல் அமரும் இடம் என்கிறோம். அது வழவழப்பாகவும் சரியான வட்டமாகவும் இருந்தால்தான் சீல் தன் வேலையைச் செய்ய முடியும்.

ரப்பர் உரசி இரும்பு தேயுமா?

தேயும். ஆனால் தேய்ப்பது ரப்பர் அல்ல. ரப்பரில் பதிந்த மணல். நுண்ணிய மணல் துகள்கள் உதட்டில் ஒட்டிக் கொண்டபின் அந்த உதடே ஓர் உப்புத்தாளாக மாறிவிடுகிறது. சுமார் 90 சென்டி மீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு கிலோ மீட்டர் ஓட ஏறத்தாழ 350 முறை சுழல வேண்டும். 20 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள ஆலைக்கு ஒரு நடை போய் வந்தால் அந்த உதடு அதே வரியில் சுமார் 14,000 முறை அச்சைச் சுற்றித் தேய்த்திருக்கும். ஒரு பருவம் முழுவதும் ஓடினால் அச்சில் வளையம் போல ஒரு பள்ளம் விழுவதில் வியப்பில்லை.

பின்வரும் காரணங்கள் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன.

1. சேற்று வயலில் அச்சு முழுகும் அளவுக்கு டிரெய்லரை இறக்குதல்.

2. ஓடி வந்த சூட்டோடு வாய்க்காலிலோ ஏரியிலோ இறக்கிக் கழுவுதல். ஹப் திடீரெனக் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் வழியே சேற்று நீரை உறிஞ்சிக் கொள்கிறது.

3. பேரிங் தளர்ந்து சக்கரம் ஆடுதல். அப்போது சீலின் உதடு ஒரு பக்கம் அதிகமாக அழுந்திப் பள்ளமும் ஒரு பக்கம் ஆழமாக விழும்.

4. உதட்டில் கிரீஸ் தடவாமல் புதிய சீலை உலர்வாகப் பொருத்துதல்.

5. நெடுநாள் மழையில் நிறுத்தி வைப்பதால் அந்தப் பரப்பில் துரு பிடித்துச் சொரசொரப்பாதல்.

கவனிக்காவிட்டால் நேர்வது என்ன?

முதலில் கிரீஸ் வெளியேறும். பிரேக் உள்ள டிரெய்லரானால் அது பிரேக் லைனிங்கில் படிந்து பிரேக் பிடிக்காமல் போகும். பிறகு கிரீஸ் போன வழியே சேறும் நீரும் உள்ளே வரும். பேரிங் துருப்பிடித்து, ரோலர்கள் பொரிந்து, சூடேறும். இறுதியில் பேரிங் உடைந்து அச்சிலேயே இறுகிக் கொள்ளும், அல்லது நட்டு அறுந்து சக்கரமே கழன்று ஓடும். பாரத்தோடு செல்லும் டிரெய்லரில் ஒரு சக்கரம் கழன்றால் வண்டி கவிழக் கூடும். கரும்பின் மேலும் மூட்டைகளின் மேலும் ஆட்கள் அமர்ந்து செல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஆகவே இது கிரீஸ் செலவைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. உயிரைப் பற்றிய செய்தியுமாகும்.

இந்த வேலையை அறுவடைக்கு முன்னரே, ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வருவதற்கு முன்னரே செய்து கொள்வது நல்லது. வெட்டிய கரும்பு வயலில் காயும்போது லேத் பட்டறையில் காத்திருக்க நேர்ந்தால், எடை குறைவதால் ஏற்படும் இழப்பு சீர்செய்யும் செலவைவிட மிகுந்துவிடும்.

கழற்றும் முறை

டிரெய்லரில் உள்ள பாரத்தை முழுவதும் இறக்கிவிட்டுக் கெட்டியான சமதரையில் நிறுத்த வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லரை டிராக்டரோடு பூட்டியபடியே வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்த வேண்டும். கழற்றாத சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கியபின், அச்சின் கீழ் உறுதியான மரக்கட்டைகளையோ இரும்புத் தாங்கியையோ வைத்துப் பாரத்தை அதன் மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. செங்கல் திடீரென நொறுங்கும். அதைத் தாங்கியாகப் பயன்படுத்த வேண்டாம்.

கழற்றுமுன் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். ஆட்டம் இருந்தால் குறித்துக் கொள்ளவும். பின்னர் சக்கரத்தைக் கழற்றி, ஹப்பைச் சுற்றியுள்ள சேற்றை நன்றாகச் சுரண்டித் துடைக்க வேண்டும். தொப்பியை எடுத்துக் காட்டர் பின்னை உருவி, நட்டையும் வாஷரையும் கழற்றி, ஹப்பை மெல்ல முன்னால் இழுத்தால் வெளிப் பேரிங் கையில் வரும். அது மண்ணில் விழாமல் பிடித்துக் கொள்ள வேண்டும். பிறகு ஹப் முழுவதும் வந்துவிடும். இடப்பக்கப் பேரிங்குகளையும் வலப்பக்கப் பேரிங்குகளையும் கலந்து விடாமல் தனித்தனியே வைக்கவும். சீலைக் கழற்றுமுன் அது எந்தப் பக்கம் நோக்கி, எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருந்தது என்று பார்த்துக் குறித்துக் கொள்ளவும். சீலின் மேல் அச்சிட்டுள்ள அளவையும் எழுதிக் கொள்ளவும்.

எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெய் அல்லது டீசலால் கழுவலாம். பெட்ரோலால் கழுவுவது ஆபத்து.

சோதித்து அறிதல்

சீல் அமரும் இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு விரல் நகத்தை அச்சின் நீளவாக்கில் மெதுவாக இழுத்துப் பார்க்கவும். நகம் எங்கும் தடுக்காமல் போனால் தேய்மானம் அற்பமானது. நகம் ஒரு வரியில் விழுந்து தடுத்தால் சீர்செய்ய வேண்டிய நிலை வந்துவிட்டது என்று பொருள்.

பள்ளத்தின் ஆழத்தை வெர்னியர் காலிப்பரால் அளக்கலாம். தேயாத இடத்தில் விட்டம் 60.0 மி.மீ., பள்ளத்தில் 59.4 மி.மீ. என்று வைத்துக் கொள்வோம். வித்தியாசம் 0.6 மி.மீ.; அதில் பாதியான 0.3 மி.மீ. பள்ளத்தின் ஆழம். மேல்-கீழாக ஒரு முறையும் முன்-பின்னாக ஒரு முறையும் அளக்கவும். இரண்டும் வேறுபட்டால் அச்சு ஒரு பக்கமாகத் தேய்ந்துள்ளது. பேரிங் தளர்ந்து ஓடியிருக்கலாம். அளவி கையில் இல்லாதவர்கள் லேத் பட்டறையில் அளந்து கொள்ளலாம்.

அச்சில் விரிசல் உண்டா என்றும் இப்போதே பார்த்துவிட வேண்டும். அச்சு முனை தடித்த பகுதியோடு சேரும் மூலையில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணாம்புப் பொடியைத் தூவவும். விரிசல் இருந்தால் அதில் ஊறிய மண்ணெண்ணெய் வெளிவந்து பொடியில் ஒரு கோடாகத் தெரியும். அவ்வாறு கோடு தெரிந்தால் அந்த அச்சு முனையைச் சீர்செய்ய முயல வேண்டாம், மாற்றுவதே சரி. பேரிங் அமரும் இடங்களும் வெகுவாகத் தேய்ந்து தளர்ந்திருந்தாலும் மாற்றுவதே நல்லது.

சீர்செய்யும் முறைகள்

தேய்மானத்தின் அளவைப் பொறுத்து நான்கு முறைகள் உள்ளன. எளிய முறை போதுமானால் கடினமான முறைக்குச் செல்ல வேண்டியதில்லை.

1. மெருகிடுதல்: நகம் தடுக்காத சிறு கீறல்களுக்கும் மேலோட்டமான துருவுக்கும் இது போதும். 320 அல்லது 400 எண்ணுள்ள எமரித் தாளை ஒரு விரல் அகலத்திற்குக் கிழித்து, சிறிது எண்ணெய் தொட்டு, அச்சைச் சுற்றிப் போட்டு இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுத்துத் தேய்க்க வேண்டும். நீளவாக்கிலோ சாய்வாகவோ தேய்க்கக் கூடாது. சாய்வான கீறல்கள் திருகாணியின் மரையைப் போல வேலை செய்து கிரீஸை வெளியே தள்ளிவிடும். ஆழமான பள்ளத்தை இம்முறையில் போக்க முயன்றால் அச்சின் விட்டம் குறைந்து சீலின் பிடிப்பு போய்விடும்.

2. சீலை இடம் மாற்றிப் பொருத்துதல்: பள்ளம் பெரும்பாலும் சில மி.மீ. அகலமே இருக்கும். அதன் பக்கத்தில் தேயாத நல்ல பரப்பு இருந்தால் சீலை 2 அல்லது 3 மி.மீ. முன்னதாக நிறுத்திப் பொருத்தலாம். அப்போது உதடு புதிய இடத்தில் உரசும். சீல் மீண்டும் உள்ளே நகராதபடி அதன் பின்னால் அதே கனமுள்ள ஒரு வளையத்தை வைக்கலாம். சீலின் வெளிவட்டம் முழுவதும் ஹப்பின் துளைக்குள் இருக்கிறதா, சீல் அச்சின் தோளிலோ பிரேக் தட்டிலோ உரசாமல் இருக்கிறதா, உதடு சரிவான ஓரத்தில் அமராமல் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துக் கொள்ள வேண்டும். அநேகமாகச் செலவே இல்லாத முறை இது. ஆனால் பெரும்பாலும் ஒரு முறைக்கு மேல் செய்ய இடம் இருக்காது.

3. மெல்லிய ஸ்லீவ் போடுதல்: தேய்ந்த தண்டின் மேல் மாட்டுவதற்கென்றே மெல்லிய துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ்கள் பேரிங் விற்கும் பெரிய கடைகளில் கிடைக்கின்றன. இவற்றின் கனம் சுமார் 0.28 மி.மீ. மட்டுமே. ஆகவே விட்டம் அரை மி.மீ. அளவே கூடும், பழைய அளவுள்ள சீலையே பயன்படுத்தலாம். லேத் வேலையும் தேவையில்லை.

ஸ்லீவை வாங்குமுன் அச்சின் தேயாத பகுதியில் மூன்று இடங்களில் விட்டத்தை அளந்து, அந்த அளவுக்கு உரியதையே கேட்டு வாங்க வேண்டும். பரப்பில் உள்ள பிசிறுகளை அரத்தால் நீக்கிக் கிரீஸ் இல்லாமல் துடைக்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் இரும்புத் தூள் கலந்த எபாக்சிப் பசையால் அதை நிரப்பி மேற்பரப்போடு சமமாக வழிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மெல்லிய ஸ்லீவ் அடியில் தாங்கல் இல்லாமல் அமுங்கிவிடும். பசை இறுகுமுன் ஸ்லீவின் விளிம்புள்ள பக்கம் முதலில் போகும்படி வைத்து, அதனுடன் வரும் கிண்ணத்தை மேலே கவிழ்த்து, கிண்ணத்தின் நடுவில் மட்டும் மெல்ல மெல்லத் தட்டி ஏற்ற வேண்டும். ஸ்லீவின் மேல் சுத்தியல் நேராகப் படக் கூடாது. கோணலாக ஏறினாலும், ஏற்றிய பின் கழற்றினாலும் மறுபடி உதவாது.

4. கனமான ரிங் போடுதல்: பள்ளம் ஆழமாகவோ, பரப்பு முழுவதும் துரு அரித்தோ, ஒரு பக்கமாகத் தேய்ந்தோ இருந்தால் இம்முறையே சிறந்தது. லேத் பட்டறை உள்ள எந்த ஊரிலும் இதைச் செய்து கொள்ளலாம். லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகள் நிறைந்த ஊர்களில் ரிங் போடுதல் என்றாலே புரிந்து கொள்வார்கள்.

ரிங் போட இரண்டு வழிகள் உண்டு. அச்சைக் கடைந்து மெலிதாக்கி, ரிங்கைப் போட்டுப் பழைய விட்டத்திற்கே கொண்டு வருவது ஒரு வழி. இதற்கு அச்சு முழுவதையும் கழற்றி லேத்தில் ஏற்ற வேண்டும். மேலும் அச்சின் வலிமையான இடத்தை மெலிதாக்குவதாகும். அச்சைத் தொடாமல் அதன் மேலேயே ரிங்கை ஏற்றி, உள்விட்டம் பெரிதான சீலை வாங்கிப் போடுவது இரண்டாவது வழி. இதுவே உழவர்களுக்கு ஏற்றது.

எடுத்துக்காட்டாக, பழைய சீலின் அளவு 60-90-10 என்று வைத்துக் கொள்வோம். முதல் எண் உள்விட்டம். இரண்டாவது எண் வெளிவிட்டம். மூன்றாவது எண் கனம். 65-90-10 அளவிலும் சீல் கடைகளில் கிடைக்கிறது. வெளிவிட்டமும் கனமும் ஒன்றே ஆகையால் ஹப்பில் எந்த மாற்றமும் தேவையில்லை. ஆகவே 60 மி.மீ. அச்சின் மேல் 65 மி.மீ. வெளிவிட்டமுள்ள ரிங்கைப் போட்டால் வேலை முடிந்தது. ரிங்கின் சுவர் கனம் இரண்டரை மி.மீ. ஆகும். முதலில் பெரிய அளவுச் சீல் கிடைப்பதை உறுதி செய்து, அதைக் கையில் வாங்கிய பின்னரே ரிங்கைக் கடையச் சொல்ல வேண்டும்.

ரிங் கடையும்போது கவனிக்க வேண்டியவை:

அ) சாதாரண இரும்பைவிட நடுத்தரக் கார்பன் எஃகு நல்லது; விரைவில் தேயாது.

ஆ) ரிங்கின் உள்விட்டம் அச்சின் தேயாத பகுதியின் விட்டத்தைவிட 0.05 மி.மீ. அளவு குறைவாக இருக்க வேண்டும்.

இ) வெளிவிட்டம் 64.8 முதல் 65.0 மி.மீ.க்குள் இருந்தால் சீல் ஏற்றுக் கொள்ளும். சூடேற்றிப் போட்டபின் ரிங் சற்று விரிந்து நிற்கும் ஆகையால் 64.9 மி.மீ. என்று கடையச் சொல்லலாம்.

ஈ) சீல் நுழையும் பக்கத்து ஓரத்தைச் சரிவாகக் கடைந்து வழவழப்பாக்க வேண்டும். கூரான ஓரம் புதிய சீலின் உதட்டைக் கிழித்துவிடும்.

உ) ரிங்கின் அகலம் சீல் அமரும் இடத்தின் அகலத்தை மீறக் கூடாது. மீறினால் உள்பேரிங் அதன் இடத்தில் சரியாக அமராது.

ஊ) கடைந்த பரப்பில் உளியின் வரிகள் மரை போல இருக்கும். லேத்தில் சுழலவிட்டு எமரித் தாளைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் பிடித்து அவ்வரிகள் மறையும்வரை மெருகிட வேண்டும்.

வண்டிச் சக்கரத்திற்குக் கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் போடுவதைக் கண்டிருப்பீர்கள். சூட்டில் விரிந்த பட்டை குளிரும்போது சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிக் கொள்கிறது. ரிங் போடுவதும் அதே முறைதான். 60 மி.மீ. ரிங்கின் சூட்டை 150 டிகிரி செல்சியஸ் கூட்டினால் அதன் உள்விட்டம் சுமார் 0.1 மி.மீ. விரியும். 0.05 மி.மீ. இறுக்கத்தை வென்று உள்ளே நழுவ இது போதும். வண்டிப் பட்டையைப் போலச் சிவக்கக் காய்ச்ச வேண்டியதில்லை. காய்ச்சினால் ரிங் கோணும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம் வைக்கோல் நிறத்திற்கு மாறும்போது சூடு ஏறத்தாழ 220 டிகிரி ஆகியிருக்கும். அதுவே மேல் வரம்பு. தீ ஒரே இடத்தில் படாமல் சுற்றிலும் ஒரே சீராகச் சூடேற்ற வேண்டும். அருகில் மண்ணெண்ணெய், கிரீஸ் துணி முதலியன இருக்கக் கூடாது.

சூடான ரிங்கைக் குறட்டால் பிடித்து, தயங்காமல் ஒரே மூச்சில் அதன் இடம்வரை தள்ள வேண்டும். பாதியில் நின்றால் அங்கேயே பிடித்துக் கொள்ளும். ஆகவே எதுவரை போக வேண்டும் என்பதை முன்னதாகவே சுண்ணக் கட்டியால் கோடிட்டு வைக்கவும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காமல் தானே ஆற விடவும்.

வெல்டிங் செய்து நிரப்பலாமா?

பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து கொடுப்பதாகச் சில பட்டறைகளில் சொல்வார்கள். இதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். சீல் அமரும் இடம், அச்சு முனை தொடங்கும் மூலைக்கு மிக அருகில் உள்ளது. பாரம் ஏறும்போது அச்சு முனை அங்கேதான் அதிகமாக வளைய முயல்கிறது. அச்சுக்குப் பயன்படும் எஃகை முன்னதாகச் சூடேற்றாமல் வெல்டிங் செய்தால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி வேகமாகக் குளிர்ந்து கண்ணாடியைப் போலக் கடினமாகி எளிதில் விரியும் தன்மையை அடைகிறது. வெளியே பார்க்க வேலை அழகாக இருக்கும், கிரீஸும் கசியாது. ஆனால் உள்ளே தொடங்கும் விரிசல் ஒவ்வொரு குழியிலும் சிறிது சிறிதாக வளர்ந்து ஒருநாள் அச்சு முனையே முறியும். கசியும் சீலைவிட முறியும் அச்சு பல மடங்கு ஆபத்தானது.

டிரெய்லரின் வேறு பாகத்தில் வெல்டிங் செய்ய நேர்ந்தாலும் ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். எர்த் கம்பியைச் சக்கரத்திலோ ஹப்பிலோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து ரோலர்களைப் பொரித்துவிடும். வெல்டிங் செய்யும் இடத்திற்கு மிக அருகிலேயே எர்த் கம்பியை மாட்டச் சொல்ல வேண்டும்.

மீண்டும் பொருத்துதல்

பேரிங்கின் ரோலர்கள் பொரிந்தோ, நீலம் பாய்ந்தோ, துருப்பிடித்தோ இருந்தால் மாற்ற வேண்டும். மாற்றும்போது உள்வளையத்தையும் ஹப்பில் இருக்கும் வெளிக்கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய பேரிங்கைப் பழைய கிண்ணத்தில் ஓட்டினால் அதுவும் விரைவில் கெடும்.

ரோலர்களின் இடுக்குகள் நிறையும்படி கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்றவும். லித்தியம் வகை வீல் பேரிங் கிரீஸ் ஏற்றது. பழைய கிரீஸை முழுவதும் நீக்காமல் வேறு வகையைக் கலக்க வேண்டாம். ஹப்பின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நிரப்பினால் போதும். திணித்து நிரப்பினால் சூட்டில் விரியும் கிரீஸ் சீலைத் தள்ளிக் கொண்டு வெளியேறும். நிறையப் போட்டால் நெடுநாள் வரும் என்பது தவறான எண்ணம்.

உள்பேரிங்கை ஹப்பில் வைத்த பின்னரே சீலைப் பொருத்த வேண்டும். ஒரு தட்டையான பலகைத் துண்டைச் சீலின் மேல் வைத்துத் தட்டினால் கோணாமல் இறங்கும். சீலின் சுருள்வில் உள்ள பக்கம் கிரீஸை நோக்கி இருப்பதே பொது வழக்கம். உங்கள் டிரெய்லரில் தயாரிப்பாளர் வேறு விதமாக வைத்திருந்தால், கழற்றும்போது குறித்துக் கொண்டபடியே வைக்கவும். சேற்று வேலைக்கு ஒற்றை உதடு சீலைவிடப் புழுதி தடுக்கும் இரண்டாம் உதடும் உள்ள சீல் ஏற்றது. உதடுகளிலும் அச்சின் பரப்பிலும் கிரீஸ் தடவிய பின்னரே ஹப்பை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஹப்பின் பாரம் சீலின் உதட்டில் விழாதபடி நேராகத் தாங்கிப் பிடிக்கவும்.

ஹப்பைச் சுழற்றிக் கொண்டே, சுழல்வது கடினமாகும்வரை நட்டை இறுக்கவும். பிறகு தாராளமாகச் சுழலும்வரை சற்றே தளர்த்தி, அருகில் உள்ள காடியும் அச்சின் துளையும் நேராகும்போது புதிய காட்டர் பின்னை மாட்டி இரு கால்களையும் மடக்கவும். ஹப் தடையின்றிச் சுழல வேண்டும். பிடித்து ஆட்டினால் தடதடவென்று ஆடக் கூடாது. பழைய காட்டர் பின்னையோ, அதற்குப் பதிலாக ஆணியையோ கம்பியையோ போடுவது கூடவே கூடாது.

வேலை முடிந்ததும் வெறும் டிரெய்லரை 5 கிலோ மீட்டர் ஓட்டி நிறுத்தி, ஹப்பைத் தொட்டுப் பார்க்கவும். வெதுவெதுப்பாக இருக்கலாம். கையை வைக்க முடியாத சூடு இருந்தால் நட்டு அதிகம் இறுகியுள்ளது. முதல் பாரம் ஏற்றி வந்த பின்னரும் ஒரு முறை ஆட்டிப் பார்த்து, உள்பக்கத்தில் கசிவு உண்டா என்று கவனிக்கவும்.

தேய்மானத்தைத் தள்ளிப் போட

1. பருவத்திற்கு ஒரு முறை ஹப்பைக் கழற்றிக் கழுவிப் புதிய கிரீஸ் போடவும்.

2. ஹப்பைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிய சீலையே போடவும். கழற்றிய சீலின் உதட்டில் மணல் பதிந்திருக்கும்.

3. ஓடி வந்த டிரெய்லரைச் சூடு ஆறிய பின்னரே நீரில் இறக்கவும். ஹப் நீரில் முழுகும்படி வேலை செய்ய நேர்ந்தால் முன்னதாகவே கிரீஸைப் பார்க்கவும்.

4. மாதம் ஒரு முறை சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கவும். தளர்ந்த பேரிங்கை உடனே சரிசெய்தால் சீலும் அச்சும் பிழைக்கும்.

5. அச்சைச் சுற்றிக் கொள்ளும் வைக்கோல், கரும்புத் தோகை, சணல் கயிறு முதலியவற்றை அன்றன்றே அறுத்து எடுக்கவும். இவை சீலை வெளியிலிருந்து கிழிக்கும்.

சீலின் விலை, அச்சின் விலையில் மிகச் சிறு பகுதியே ஆகும். ரிங் கடைவதற்கு ஆகும் கூலியும் புதிய அச்சின் விலைக்கு ஈடாகாது. ஆகவே இரண்டாம் முறை சீல் கசிந்தால் மூன்றாவது சீல் வாங்கக் கடைக்குச் செல்லுமுன் ஹப்பைக் கழற்றி அச்சில் நகத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் அதன் அளவுக்கேற்ற முறையைத் தேர்ந்தெடுத்துச் சீர்செய்து, பாரம் ஏற்றும் பருவத்தில் டிரெய்லர் தடையின்றியும் பாதுகாப்பாகவும் ஓட உழவர் பெருமக்கள் வழி செய்து கொள்ளலாம்.